இடது தாடை

உலர்ந்த துணியை மடிப்பது சங்கரனின் வேலை. தோய்ப்பது மெஷின், உலர்த்துவது மனைவி நாகலக்ஷ்மி. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்ட வேலையில்லை. எப்படியோ அப்படி அமைந்துவிட்டது. வேஷ்டி, துண்டு, தலையணை உறை எல்லாம் சுலபம். புடவைதான் ஒற்றை ஆளுக்கு அடங்காது. அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். முந்தானையின் இரண்டு மூலைகளையும் ஹால் ஜன்னலின் கிரில்லில் பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டிவிட்டு, மறுநுனியைப் பிடித்தபடி பின்புறமாகவே நடப்பார். ஹால் போதாமல் சமையலறைக்குள் ஓரடி வைக்க வேண்டியிருக்கும். அங்கிருந்து ஓர் உதறு. பிறகு விளிம்போடு விளிம்பைச் சேர்த்து, ஜன்னலை நோக்கி மெதுவாக வந்து, கிளிப்பைக் கழற்றுவார். இஸ்திரிக்காரனுக்கு வேலையில்லாதபடி மடிப்பு விழுந்திருக்கும்.

முன்பு அந்தக் கிரில்லின் இடத்தில் நாகலக்ஷ்மி நிற்பாள்.

அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. மகள் ஸ்மிதாவுக்குக் கல்யாணம் பேசப் பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். இங்கேயே மாதுங்காவில் மண்டபமா, பாலக்காட்டுக்குப் போய்ச் செய்வதா என்று பேச்சு. நாகலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சங்கரன் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க என்கிட்டப் பேசுங்கோ" என்றார். கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் செக்‌ஷனைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள் அவள். வந்தவர்கள் படியிறங்கிய பிறகு, கேசரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட வேண்டாம், பேப்பரை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போக வேண்டாம், சாப்பிட்ட கையோடு ஸ்விட்சைத் தொட வேண்டாம். எதையும் அவர் கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் பிசகாமல் கேட்டார்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். அவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். அதற்குள் கல்யாண வேலை வந்துவிட்டது. எல்லாம் ஸ்மிதா வழியாக நடந்தது. "அப்பாகிட்டச் சொல்லு", "அம்மாகிட்டக் கேளு." கல்யாணமாகி அவள் கோபர்கைரனேக்குப் போன பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை, போனுக்கு மாறியது, அவ்வளவுதான். சமையலறையிலிருந்து நாகலக்ஷ்மி மகளைக் கூப்பிடுவாள்: "அப்பாகிட்டச் சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சு." ஒரு நிமிஷம் கழித்து ஹாலில் போன் அடிக்கும். "கேஸ் தீர்ந்துடுத்தாம்ப்பா." "தெரியும், புக் பண்ணியாச்சுன்னு சொல்லு." அவர் சொல்வது சமையலறைக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் அந்தச் செய்தி வாஷி பாலத்தைத் தாண்டி ஸ்மிதாவிடம் போய்த் திரும்பி வந்தால்தான் அது அவளிடம் சொன்னதாகும்.

வேலையில் இருந்தவரை நாகலக்ஷ்மிக்கு இது பெரிதாக உறைக்கவில்லை. பேச்செல்லாம் ரயிலில் தீர்ந்துவிடும். காலையில் திலக் நகரில் ஏறினால் வீ.டி. ஸ்டேஷன் வரை லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒரே கூட்டம். மேத்திக் கீரை கிள்ளுகிறவர்களும், மருமகளைத் திட்டுகிறவர்களும், பஜனை பாடுகிறவர்களும். அவளுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பார்கள். ரிடையரான பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து மிச்சமானது தினமும் காலையில் போனில் வந்து விழும் ரோஜாப்பூப் படங்கள்தான். சில நாட்களில் மத்தியானம் மூன்று மணிக்குக் காய்கறிக்காரனிடம் "கித்னா?" என்று விலை கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். குரல் கரகரக்கும்.

போன தீபாவளிக்கு வந்த ஸ்மிதா, இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன போஸ்ட் ஆபீசா? ஆபீஸ்ல மீட்டிங்குக்கு நடுவில கத்திரிக்கா வாங்கணுமா வேண்டாமான்னு போன் வரது. போரும். இனிமே அம்மாகிட்டச் சொல்லுன்னாலும் வச்சுடுவேன், அப்பாகிட்டச் சொல்லுன்னாலும் வச்சுடுவேன். நேரா பேசிக்கோங்கோ."

வழியை அடைத்தால் பேசிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அவர்கள் பேசவில்லை. சாமான்களைப் பேச வைத்தார்கள். காலி காப்பிப்பொடி டப்பா சாப்பாட்டு மேஜைமேல் வந்து உட்கார்ந்தால் பொடி வாங்க வேண்டும். ஃப்யூஸ் போன பல்ப் பேப்பர்மேல் இருந்தால் புது பல்ப் வேண்டும். பொத்தான் அறுந்த சட்டை அவள் தலையணைமேல் கிடக்கும். மறுநாள் பொத்தானோடு அவர் தலையணைக்குப் போகும். ஒரு தப்பும் வராமல் ஓடியது.

ஒன்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. தீபாவளி கழிந்து சில நாளில், சங்கரன் செம்பூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து வாஷ்பேசினுக்கு மேல் மாட்டினார். பழைய கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை. போதாததற்கு மேலே ஒரு எல்.இ.டி. லைட். இந்த வயசில் ஷேவிங்குக்கு இத்தனை ஜகஜ்ஜோதியா என்று அவள் நினைத்தாள். தண்ணீர் தெறித்துத் திட்டுத் திட்டாக நின்றது. அதைத் துடைப்பது அவள் பாடு. ஆகவே கைத்துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் தொங்கவிட்டாள். அவர் அதை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். அவள் மறுபடி போட்டாள். சில நாள் இப்படி நடந்து, பிறகு அவர் விட்டுவிட்டார்.

பங்குனி பிறக்கும்போது காரடையான் நோன்பு வந்தது. அடை தட்டி, சரட்டைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு, அவருக்கு இரண்டைத் தட்டில் மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெல்ல அடை பல்லில் ஒட்டிக்கொண்டு, வலது கடைவாய்ப் பல்லுக்கு வருஷக்கணக்காக மூடியாக இருந்த 'கேப்'பைப் பிடுங்கிவிட்டது. கழன்ற கேப்பை மாத்திரை கவருக்குள் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை தெருக்கோடியிலுள்ள பல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஹரிதாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேச வரும், படிக்க வராது. கவரைப் பிரித்ததும் சிரித்துவிட்டாள்.

"நோன்பு அடையா? இன்னிக்கு நீங்க மூணாவது ஆன்ட்டி! அடுத்த வருஷம் நானே எல்லா ஆத்துக்கும் வந்து மாவு பிசைஞ்சு தரப்போறேன், கொஞ்சம் தளர."

"நன்னா வேகவச்சா ஒட்டாது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றபடி நாகலக்ஷ்மி நாற்காலியில் ஏறிச் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

"வாய் அப்பறம். மொதல்ல முகம். நிமிர்ந்து உக்காருங்கோ. ஸ்பெக்ஸைக் கழட்டுங்கோ. என்னை நேரா பாருங்கோ."

ஹரிதா எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். நெற்றி, இரண்டு கண், மூக்கு, உதட்டின் இரண்டு ஓரம், மோவாய். அவசரமே இல்லை. அடுப்பில் எதுவும் இல்லாதவள் பார்ப்பதுபோல் பார்த்தாள். நாகலக்ஷ்மிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்னம்மா, பொண் பாக்க வந்தாப்பல பாக்கறே?"

"பாட்டெல்லாம் பாட வேண்டாம், பயப்படாதேங்கோ. புதுசா வரவா எல்லாருக்கும் இப்படித்தான் பாப்பேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா, வீக்கம் கீக்கம் இருக்கான்னு."

பிறகு கிளவுஸ் போட்ட விரல்கள் இரண்டு காதுகளுக்கும் முன்னால் வந்து நின்றன. ரப்பரின் வழியாகவும் சூடு தெரிந்தது.

"தொறங்கோ. மூடுங்கோ. மறுபடி." இடது பக்கத்தில் டிக்கென்று ஒரு சத்தம்.

"எனக்கு இது உள்ளுக்குள்ள கேக்கும். உனக்கும் கேக்கறதா?"

"கையில தெரியறது. கீல் கொஞ்சம் பிசகறது, வேறொண்ணுமில்லை. இன்னும் நன்னா தொறங்கோ. இன்னும்... அரே, இவ்வளவுதானா? மூணு விரல் போகணும் ஆன்ட்டி. உங்களுக்கு ரெண்டுதான் போறது. பல்லைக் கடிச்சுண்டே இருப்பேளோ? யாரோடயாவது சண்டையா?"

"சண்டை போடறதுக்குப் பேசணுமே" என்றாள் நாகலக்ஷ்மி.

ஹரிதா அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தாள். கன்னத்துச் சதையின்மேல் விரல்களை வைத்து, கடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். நெற்றிப்பொட்டில் வைத்தாள். தலையைக் குனியச் சொல்லி, தாடைக்கு அடியில் விரல் நுனிகளை மடக்கி, நெறி கட்டியிருக்கிறதா என்று ஓரமாகத் தடவிக்கொண்டே போனாள். நாகலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். தன் முகத்தில் தன் கை அல்லாமல் இன்னொரு கை படுவது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். மஞ்சள் குங்குமத்துக்குப் போன இடங்களில் யாராவது நெற்றியில் ஒரு விரல் வைத்திருப்பார்கள். அது முகத்தைத் தொடுவதில் சேர்த்தியில்லை.

"ஆயிடுத்து. சாஞ்சுக்கோங்கோ" என்று ஹரிதா கையை எடுத்தாள்.

"காதுக்குக் கீழேயும் கொஞ்சம் வலிக்கறாப்பல இருக்கும்மா" என்றாள் நாகலக்ஷ்மி.

வலியெல்லாம் ஒன்றும் இல்லை. ஏன் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

ஹரிதா மறுபடி ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் முகத்தை வாங்கிக்கொண்டு, காது மடலுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்தினாள். இந்தத் தடவை அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் வலது பக்கத்தில் சும்மா இருந்தன. இடது பக்கத்தில் போய்ப் போய் வந்தன.

"இங்க வலிக்கறதா?"

"இல்லை."

"இங்க?"

"இல்லையே. ஏன்?"

ஹரிதா கண்ணைத் திறந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது, பயமுறுத்தும் முகமாகவும் ஆகவில்லை. கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். "இங்க பாருங்கோ. இடது பக்கம் கொஞ்சம் பூரிச்சாப்பல இருக்கோன்னோ? தொட்டா கெட்டியா இருக்கு. இது எப்பலேர்ந்து இருக்கு?"

நாகலக்ஷ்மி பார்த்தாள். இருப்பதுபோலவும் இருந்தது, எப்போதும் அப்படித்தான் இருந்தது என்றும் பட்டது. "தெரியலையேம்மா. நான் பொட்டு வச்சுக்கத்தான் கண்ணாடி பாப்பேன். அது நெத்தியோட நின்னுபோயிடும்."

"சொல்றேன், கேளுங்கோ. நீங்க வலது பக்கம் கேப் இருக்குன்னு இடது பக்கத்தாலயே மென்னுண்டிருக்கேள். அப்படி வருஷக்கணக்கா மென்னா சதை தடிக்கும். பல்லைக் கடிச்சாலும் தடிக்கும். அது ஒண்ணும் பண்ணாது. ஆனா இது அஞ்சாறு மாசத்தில வந்ததுன்னா வேற. அந்த இடத்தில எச்சில் சுரப்பி இருக்கு, அதுல கட்டி வரும். முக்காவாசி சாதாரணக் கட்டிதான். இருந்தாலும் விட்டுவைக்கக் கூடாது. சோனோகிராபி, அதான் ஸ்கேன், எப்படியும் எடுக்கணும். பழசுன்னா ரெண்டு மூணு வாரத்தில நிதானமா எடுத்துக்கலாம். புதுசுன்னா நாளைக்கே எடுத்துண்டு நேரா சர்ஜன்கிட்டப் போகணும். அவரும் மொதல்ல இதைத்தான் கேப்பார், எப்பலேர்ந்துன்னு."

"போட்டோல பாத்தா தெரியுமோ?"

"பாருங்கோ. ஆனா இப்போ போன்ல எடுக்கறதெல்லாம் தானாவே முகத்தை மொழுகிடறது. அதைவிட ஆத்தில இருக்கறவாளைக் கேளுங்கோ. நம்ம முகம் நமக்குத் தெரியவே தெரியாது. தினம் எதிர உக்காந்து பாக்கறவாளுக்குத்தான் தெரியும். அங்கிள் இருக்காரோன்னோ?"

"இருக்கார்" என்றாள் நாகலக்ஷ்மி.

கேப்பை ஒட்டி, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி, சோனோகிராபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள் ஹரிதா. "இன்னிக்கே கேட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ. சரியா?"

வெயில் ஏறியிருந்தது. நாகலக்ஷ்மி நடந்துகொண்டே இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். ஏ.டி.எம். கதவில், மருந்துக்கடைக் கண்ணாடியில், நின்றிருந்த காரின் ஜன்னலில் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரு மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்த மாமிக்கு எப்போது வீங்கியது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

தெரியக்கூடிய ஆள் ஒருத்தர்தான். அவர் இந்நேரம் துணி மடித்துக்கொண்டிருப்பார்.

சொசைட்டி காம்பவுண்டில் பாதாம் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஸ்மிதாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா. சீக்கிரம், மீட்டிங் இருக்கு."

"ஒண்ணுமில்லை. என் முகம் இடது பக்கம் எப்பவுமே கொஞ்சம் தடிச்சாப்பல இருக்குமோடீ?"

"என்னது?"

"முகம். தாடைகிட்ட."

"உன் முகம் நன்னாத்தானே இருக்கு. இப்ப என்ன திடீர்னு?"

"சும்மாத்தான் கேட்டேன். தீபாவளிக்கு எடுத்தியே போட்டோ, அதுல பாரேன்."

சற்று நேரம் போனில் விரல் தேய்க்கும் சத்தம். "இதுல நீ பாதி தூணுக்குப் பின்னால நிக்கறே. இன்னொண்ணுல தட்டால முகத்தை மறைச்சுண்டிருக்கே. ஒண்ணுல ஒழுங்கா இருக்கே, ஆனா ஃபில்டர் போட்டு முப்பது வயசு மாதிரி இருக்கே. எதுக்கும்மா இதெல்லாம்?"

நாகலக்ஷ்மி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கட்டி என்ற சொல்லை மட்டும் வேகமாகச் சொன்னாள்.

"அம்மா, நான் கிளம்பி வரேன்."

"வந்து என்ன பண்ணுவே? பழசா புதுசான்னு தெரிஞ்சா போரும். அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லு."

"நீ ஆத்துக்குத்தானே போறே? நீயே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சரி. வை. நான் கேக்கறேன்."

நாகலக்ஷ்மி படியேறினாள். லிஃப்ட் இருந்தது, ஏனோ படியிலேயே ஏறினாள். மூன்றாவது மாடியில் வீட்டு மரக்கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. கம்பி போட்ட சேஃப்டி டோர் மட்டும் சாத்தியிருந்தது. சாவியைப் பையில் தேடும்போது உள்ளே போன் அடித்தது. அவள் கையை அப்படியே வைத்துக்கொண்டாள். சங்கரனுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் சத்தமாகத்தான் பேசுவார்.

"சொல்லு ஸ்மிதா... யாரு?... ஆமா. ஆமா, இடது பக்கம்... பழசெல்லாம் இல்லை. முன்னாடி கிடையாது."

இடைவெளி.

"எனக்குத் தெரியாதா? நான் உக்காந்திருக்கற நாற்காலிலேர்ந்து பாத்தா அடுப்பு. அடுப்பு முன்னால நிக்கறச்ச இடது பக்கம்தான் தெரியும். இத்தனை வருஷமா அதைத்தானே பாக்கறேன்... தீபாவளி கழிஞ்சு ஒரு வாரம் இருக்கும். அப்போ சின்னதா இருந்தது. இப்போ கொஞ்சம் பெரிசு."

மறுபடி இடைவெளி. ஸ்மிதா கத்துவது கம்பிக்கதவு வரை பூச்சி பறப்பதுபோல் கேட்டது.

"உனக்கு போன் பண்ணினேனே! அம்மாகிட்டச் சொல்லுன்னு ஆரம்பிச்சேன், நேரா சொல்லிக்கோங்கோன்னு வச்சுட்டே... சரி சரி, உன்னைச் சொல்லலை. அழாதே... நான் சொல்லாம இல்லையே. கண்ணாடி வாங்கிண்டு வந்து மாட்டினேன். லைட்டும் போட்டேன். பாத்தா தெரிஞ்சுக்கட்டும்னு. அவதான் அதுமேல துண்டைப் போட்டு மூடினா. எடுத்து எடுத்து வச்சேன். நான் என்ன பண்ணட்டும்?"

நாகலக்ஷ்மி செருப்போடு நின்றாள். எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஹரிதாவுக்கு அனுப்ப வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. புதுசு. நாளைக்கே போக வேண்டும். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை மாசமும் காலையில் காப்பி கலக்கும்போதும், சாயங்காலம் தோசை வார்க்கும்போதும், தன் இடது தாடையை ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சின்னதிலிருந்து பெரிசாகும் வரை.

சாவியைத் திருப்பி உள்ளே போனாள். சங்கரன் போனை டீவி பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை எடுத்தார். அவளுடைய அரக்குச் சுங்குடிப் புடவை கிரில்லில் மாட்டியபடி, மறுநுனி நாற்காலி முதுகில் கிடந்தது.

அவள் பையையும் சீட்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு நேராக வாஷ்பேசினுக்குப் போனாள். கண்ணாடிமேல் கிடந்த துண்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். லைட்டைப் போட்டாள். நல்ல வெளிச்சம்; காசுக்குக் குறைவில்லாத சாமான். முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினாலே போதும், யாருக்கும் தெரியும். துண்டைப் போடாமல் ஒரு நாள் விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதையும் அவள் யோசித்துப் பார்த்தாள். அதற்காக மனசு இளகவில்லை. காலி டப்பாவை மேஜைமேல் வைப்பதுபோல் கண்ணாடியை மாட்டியிருக்கிறார். காப்பிப்பொடிக்குச் சரி.

லைட்டை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

சங்கரன் புடவையின் நுனியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போயிருந்தார். வேறென்ன செய்வது என்று தெரியாமல் போயிருக்க வேண்டும். நாகலக்ஷ்மி ஜன்னலுக்குப் போய், ஒரு கிளிப்பைக் கழற்றினாள், இன்னொன்றையும் கழற்றினாள். மூலைகள் இரண்டையும் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

துணி தளர்ந்து நடுவில் இறங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கிரில் இருந்த இடத்தில் அவள். இழுத்துப் பிடித்தார். அவளும் இழுத்தாள். ஓர் உதறு, சுருக்கம் போயிற்று. விளிம்பை விளிம்போடு சேர்த்தார்கள். கை மறக்கவில்லை, எந்த மூலை மேலே, எந்த மூலை கீழே என்று ஒரு குழப்பமும் இல்லை. அவர் மடிப்பைக் கொண்டு அவளை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்து தன் நுனியை அவள் கை நுனியோடு சேர்க்கும்போது, அவர் பார்வை தானாகவே அவள் இடது தாடைக்குப் போயிற்று. உடனே புடவைக் கரைக்குத் திரும்பிவிட்டது.

"கண்ணாடியை மாட்டிட்டா சொன்னதா ஆயிடுமா?" என்றாள் நாகலக்ஷ்மி.

ஒன்பது வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் பேசிய முதல் வாக்கியம். குரல் கரகரத்தது. அதை அவள் சரிசெய்துகொள்ளவில்லை.

சங்கரனின் வாய் அசைந்தது. அந்த நேரம் பார்த்து டீவி பக்கத்தில் போன் அடித்தது. திரையில் ஸ்மிதாவின் பெயர். அவர் கண் அங்கே ஓடியது. பஸ் வந்துவிட்டது என்று நினைக்கிறவர் பார்ப்பதுபோல் பார்த்தார். கை இரண்டும் புடவையில் இருந்தன. ஒரு கையை எடுத்தால் மடிப்பு கலையும். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"அவகிட்டச் சொல்ல வேண்டாம். நான்தான் கேக்கறேன். இங்க, உங்க முன்னால நிக்கறேன். தினம் பாத்துண்டுதானே இருந்தேள்? ஏன் சொல்லலை?"

அவர் கட்டைவிரலால் கரையை நீவினார். ஒரு சுருக்கமும் இல்லாத இடத்தில் மறுபடி மறுபடி நீவினார். அவள் காத்திருந்தாள். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். அது கிளம்பியது, கேட்டைத் தாண்டியது, சத்தம் ரோட்டோடு கலந்துபோயிற்று. அதற்குப் பிறகும் காத்திருந்தாள்.

பிறகு தன் கையிலிருந்த இரண்டு மூலைகளையும் பிரித்து எடுத்தாள். ஜன்னலுக்குத் திரும்பி, ஒன்றைக் கிரில்லில் வைத்துக் கிளிப்பைப் போட்டாள். மற்றொன்றையும் போட்டாள். விழாதென்று இழுத்துப் பார்த்தாள். மேஜைமேல் வைத்திருந்த பையையும் சோனோகிராபிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, புடவையையும் அவரையும் சுற்றி நடந்து உள்ளே போனாள்.